இரு தெரு வாசல் வீட்டுக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

கேள்வி: தேவகோட்டையில் முன்தெருவுக்கும் பின்தெருவுக்கும் வாசல் உள்ள பழைய வீடு எங்களுடையது. நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். அவருக்கு 68, எனக்கு 63. மகன் சிங்கப்பூரில். பாதுகாப்புக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறோம். ரிவால்வர் நல்லதா, பிஸ்டலா? மாமனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த வெப்லி ரிவால்வர் ஒன்று இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பெட்டியில் கிடப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள். மாமனாரின் உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. வாரிசு பெயருக்கு உரிமம் மாறாமல் வீட்டில் வைத்திருப்பதே ஆயுதச் சட்டப்படி குற்றம். பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டாம். வக்கீல் மூலம் முதலில் தகவல் சொல்லிவிட்டு, போலீஸிடமோ உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படையுங்கள். வாரிசு விண்ணப்பத்தைப் பிறகு போடலாம். ஆனால் அதன் குழல் அளவு .38 அல்லது .455 அங்குலமாக இருந்தால் தடைசெய்யப்பட்ட ரகம், கலெக்டர் மட்டத்தில் உரிமம் கிடைக்காது. கூட இருக்கும் பழைய தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக் கூடாது.

புதிதாக வாங்குவதென்றால் நடைமுறையில் .32 தான். 9 மி.மீ. பிஸ்டல் நமக்குக் கிடையாது. ரிவால்வரும் பிஸ்டலும் இரண்டுமே .32 என்றாலும் தோட்டா வேறு: ரிவால்வருக்கு நீளமான ‘லாங்’, பிஸ்டலுக்குக் குட்டையான ‘ஏ.சி.பி.’. கடையில் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

உங்கள் வயதுக்கு ரிவால்வரே சரி. பிஸ்டலில் ஸ்லைடை (குழலுக்கு மேல் நகரும் உலோகப் பகுதி) மறு கையால் கடைசிவரை இழுத்து விட வேண்டும். ஸ்பிரிங் கெட்டி. மூட்டுவலி உள்ள விரல் பாதியில் விட்டால் தோட்டா அரைகுறையாக ஏறிச் சிக்கிக்கொள்ளும். தூக்கக் கலக்கத்தில் அதைச் சரிசெய்ய முடியாது. மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றியதும் காலி என்று நினைப்பார்கள், குழலின் பின்னுள்ள தோட்டா அறைக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும். வீட்டில் கைதவறி வெடிப்பது இப்படியும் நடக்கும். ரிவால்வரைத் திறந்தால் ஆறு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும். ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும்.

குறை, ட்ரிகர் நீளமாகவும் கனமாகவும் இருப்பது. அதைக் கடையிலேயே சோதியுங்கள். காலி என்று கடைக்காரரும் நீங்களும் தனித்தனியே பார்த்தபின், டம்மி தோட்டா போட்டு, கடைக்காரர் காட்டும் திசையில் நீட்டி, பின்பக்கச் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் ஆறு முறை ட்ரிகரை இழுக்கக் கணவரிடம் சொல்லுங்கள். ஐந்தாவது ஆறாவதில் குழல் முனை ஆடினால் அந்த மாடல் கணவர் கைக்கு ஒத்துவராது. 2014-ல் கான்பூரிலிருந்து வந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் டைட்டானியம் கலவை, சுமார் 500 கிராம். பெண்கள் கைப்பைக்கென்று விளம்பரமானது. வீட்டில் வைப்பதற்கு எடை குறைவது லாபமில்லை, உதைப்புதான் கூடும். கனமான எஃகு ரிவால்வரையே எடுங்கள். இன்னொன்று: உரிமம் கணவர் பெயரில் என்றால் அவர் வெளியூர் போன இரவில் அதை நீங்கள் தொட முடியாது.

விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், சிவகங்கை கலெக்டர் அலுவலகத்துக்கு. மருத்துவச் சான்றும் பயிற்சிச் சான்றும் வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. கிடைத்தால் 5 ஆண்டு செல்லும்.

இனி வீடு. வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் நின்று பாருங்கள்: வளவு (முற்றம் உள்ள பகுதி), பட்டாலை (கூடம்), நடை, முகப்பு என வாசல் நிலைகள் ஒரே கோட்டில் விரிந்து தெரு தெரியும். அந்தக் கோட்டில் குறி தப்பிய தோட்டா எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போகும். கல்தூணில் பட்டால் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் சத்தம் கேட்டுத் துப்பாக்கியோடு கட்டுக் கட்டாகத் தேடிப் போகாதீர்கள். கெட்டியான தேக்குக் கதவுள்ள உள்ளறை ஒன்றைத் தேர்ந்து, உள்தாழ்ப்பாளைப் புதிதாகப் போடுங்கள். சார்ஜில் இருக்கும் போன், டார்ச், ரிவால்வர் மூன்றும் அங்கேதான். தாழிட்டு 112-ஐ அழைத்து, கதவுக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் உட்காருங்கள். கதவைப் பார்த்தால் அதன் பின்னே வளவு தெரியாமல் கனத்த சுண்ணாம்புச் சுவர் தெரிகிற மூலை வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 41-வது பிரிவு, இரவில் வீடு உடைத்து நுழைபவரைத் தடுக்கும் உரிமை தருகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்று 37-வது பிரிவு கட்டுப்போடுகிறது. கதவை உடைத்து அரிவாளோடு வருபவர் வேறு. குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு முற்றம் தாண்டி ஓடுபவர் வேறு. ஓடுபவர் முதுகில் சுட்டால் வழக்கு உங்கள் மேல்தான்.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் இழுத்து எஃகு துருப்பிடிக்கும், பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். லேசாக எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, சுவரில் போல்ட் அடித்த தனிப் பெட்டியில் பூட்டுங்கள். நகை இருக்கும் இரும்புப் பெட்டி வேண்டாம், திருடன் முதலில் தேடுவது அதைத்தான். சிங்கப்பூர் கிளம்பும் முன், பாதுகாப்பில் வைக்க உரிமம் உள்ள கடையில் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒப்படைத்து, துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.