அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது?

வணக்கம் ஐயா,

நான் வடமராட்சியில் ஒரு பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. அமெரிக்காவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், தன் பிள்ளைகள் அங்கே புத்தகம் வாசித்துப் பீட்சா வாங்கிய கதையைச் சொல்லி, இங்கேயும் அப்படி ஒரு வாசிப்புப் பரிசுத் திட்டம் தொடங்கப் பணம் தருவதாகச் சொல்கிறார். தரம் 3 முதல் 5 வரை. வாசித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுவரில் ஒரு நட்சத்திரம். தவணை முடிவில் கூடிய நட்சத்திரம் எடுத்த மூன்று பிள்ளைகளுக்குச் சைக்கிள். ஒரு தவணைக்கு எத்தனை புத்தகம் என்று இலக்கு வைக்கலாம்? 20 அதிகமா? சக ஆசிரியர் ஒருவர் பரிசு காட்டி வாசிக்க வைப்பதே பிழை என்கிறார். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் துளியும் ஆர்வம் இல்லை, போன்தான் உலகம். எங்கள் அலுமாரியில் நல்ல புத்தகங்கள் நிறைய உண்டு, புதுசு மாதிரியே வைத்திருக்கிறோம். உங்கள் ஆலோசனை வேண்டும்.

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்வியைவிட, கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னை உட்கார வைத்தது: "புதுசு மாதிரியே வைத்திருக்கிறோம்." அதற்கு வருகிறேன்.

முதலில் பீட்சாவைப் பேசி முடித்துவிடுவோம். அந்த நண்பர் சொல்வது பீட்சா ஹட் நிறுவனம் 1984 இல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டமாகத்தான் இருக்க வேண்டும். ஆரம்ப வகுப்புப் பிள்ளை ஒரு மாதத்துக்கான வாசிப்பு இலக்கை எட்டினால் அவளுக்கென்று ஒரு சின்னப் பீட்சா இலவசம். அதில் இலக்கை வைப்பவர் வகுப்பாசிரியர். பிள்ளைக்குப் பிள்ளை அது மாறலாம், ஒருத்திக்குப் புத்தகக் கணக்கு, இன்னொருவனுக்குப் பக்கக் கணக்கு, வேறொருவனுக்கு நிமிடக் கணக்கு. இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை தன் அளவை எட்டினால் அவனுக்கும் அதே பீட்சாதான். முதல் மூன்று பேருக்கு மட்டும் என்ற பேச்சே அங்கே கிடையாது. அதை வடமராட்சிக்குக் கொண்டுவரும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? உடனே பந்தயமாக்கிவிடுகிறோம். முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் சைக்கிள் யாருக்கு என்பது மூன்றாம் கிழமையே எல்லாருக்கும் தெரிந்துவிடும், வீட்டில் வாசித்துக் காட்ட ஆள் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான். மீதி 27 பேரும் தவணை முடியும்வரை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒன்பது வயதில், தன் பெயருக்கு நேரே இரண்டே இரண்டு நட்சத்திரத்தோடு. இதற்குத்தானா அந்த மனிதர் கடல் கடந்து பணம் அனுப்புகிறார்? சுவர் நட்சத்திரத்தைக் கைவிடுங்கள். சைக்கிளையும் கைவிடுங்கள். தூரத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைக்குச் சைக்கிள் தேவை என்றால், அவன் நடந்து வருகிறான் என்பதற்காகக் கொடுங்கள்.

உங்கள் சக ஆசிரியர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1973 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். படம் கீறுவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சின்னப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், கீறினால் நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாங்களாகப் போய்ப் படம் கீறிய நேரம் மற்றப் பிள்ளைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான். முன்னால் சொல்லாமல், கீறி முடித்த பிறகு சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. அதாவது விருப்பம் இருக்கிற இடத்தில் விலை பேசினால் விருப்பம் வற்றிப்போகும்.

மறுபாதி என்னவென்றால், பரிசு எப்போதும் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத்துக்கு 2 டொலர் கொடுத்துப் பார்த்தார்கள், வாசித்தார்களா என்று கணினியில் சின்ன வினாவிடையும் வைத்து. அவர்களின் வாசித்து விளங்கும் திறன் கொஞ்சம் கூடியது. அதே ஆய்வில் நியூயோர்க்கில் பரீட்சைப் புள்ளிக்குப் பணம் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டினால் சைக்கிள், டப்லெட் என்று ஆசை காட்டுகிற பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். 2008 இல் மரினாக், காம்ப்ரெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, வாசித்ததற்குப் பரிசாகப் புத்தகமே வாங்கிய பிள்ளைகளும், பரிசே வாங்காத பிள்ளைகளும் அதன்பிறகும் தாங்களாகவே வாசித்தார்கள். சின்னச் சின்ன விளையாட்டுப் பொருள் வாங்கியவர்களிடம் அது குறைவு. பரிசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் புத்தகமாகக் கொடுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள், பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். இது பற்றி இவ்வளவு போதும்.

இனி அந்தப் போன் வசனம். "துளியும் ஆர்வம் இல்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது ரீச்சர்? எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதை வேண்டாமாம்! இரண்டு பக்கம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டு, மிச்சம் நாளைக்கு என்று புத்தகத்தை மூடிப் பாருங்கள், வகுப்பு உங்களை வீட்டுக்குப் போக விடுகிறதா என்று. பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று சொல்கிற பாடசாலைக்குப் போனால் நான் முதலில் கேட்பது, அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றுதான்.

போன ஒக்டோபரில், வாசிப்பு மாத நிகழ்வுக்கு என்று ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வாசிப்பின் மகிமை பற்றி மூன்று பிள்ளைகள் மனப்பாடமாகப் பேசினார்கள், அருமையாகத்தான் பேசினார்கள். மண்டபத்தின் பின்னால் கண்ணாடி அலுமாரி, உள்ளே வெளிநாட்டுக் காசில் வாங்கிய வழவழப்பான சிறுவர் நூல்கள், அடுக்குக் கலையாமல். திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். திறப்பு அதிபரிடம், அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்துக்குப் போய்விட்டார். பேசிய மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு இதில் எது வாசித்தீர்கள் என்று கேட்டேன். ஒருத்தி கண்ணாடிக்கு வெளியே தெரிந்த அட்டைகளின் தலைப்புகளை வரிசையாக, பார்க்காமலே சொன்னாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து இதே யோசனைதான் எனக்கு.

ஆசிரியர்கள் மட்டும் குற்றவாளிகள் என்று சொல்லவில்லை. வருட முடிவில் கணக்கெடுப்பு வரும், ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயம் நியாயமானது. இன்னொரு பயமும் இருக்கிறது, அதைப் பற்றி நாங்கள் வெளியே பேசுவதில்லை. 1981 இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள், ஏறத்தாழ 97,000 நூல்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்கு அதிபர்கள், ஆசிரியர்கள். புத்தகம் என்றால் பொத்திப் பொத்தி வைக்கவேண்டிய பொருள் என்று எங்கள் எலும்புக்குள் இறங்கிவிட்டது. ஆனால் அந்த நூலகம் எப்படித் தொடங்கியது? 1933 இல் க. மு. செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டிலிருந்த புத்தகங்களை அயலவருக்கு இரவல் கொடுத்ததில் தொடங்கியது. அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகங்கள். இரவல் கொடுத்தால் திரும்பி வருமா என்று அவர் யோசித்திருந்தால் எரிப்பதற்குக்கூட அங்கே ஒன்றும் இருந்திருக்காது. எரித்தவனும் கிழித்த பிள்ளையும் ஒன்றா ரீச்சர்? வாசித்து வாசித்துக் கிழிகிற புத்தகத்தைப் பார்த்து ஏன் பதறுகிறோம்?

நான் வாசிக்கப் பழகியது கிழிந்த புத்தகங்களில்தான். தொண்ணூறுகளின் தொடக்கம், பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கில். எங்கள் ஊர் வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட அண்ணை, எழுதி முடிந்த கொப்பித் தாளின் பின்பக்கத்தில் பெயரை எழுதிவிட்டு எந்தப் பிள்ளைக்கும் எந்தப் புத்தகத்தையும் தூக்கிக் கொடுப்பார். கையைக் கழுவிக்கொண்டு வா என்பார், அவ்வளவுதான் சட்டம். கழன்ற தாள்களைச் சாக்கு ஊசியால் தைப்பார், கிழிசலுக்குக் கோதுமை மாப் பசை. ஒரு கதைப் புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, முதல் அத்தியாயமும் இல்லை. ஒரு பெடியன் ஆற்றங்கரையில் அழுதுகொண்டு நிற்கும் இடத்தில் கதை தொடங்கும். ஏன் அழுகிறான் என்று அக்காவும் நானும் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு தொடக்கம் கட்டுவோம், அவனுக்குத் தகப்பன் இருந்தாரா இல்லையா என்று சண்டை பிடித்து அம்மாவிடம் அடியும் வாங்கினோம். நான் எழுத வந்தது அந்த இல்லாத அத்தியாயத்திலிருந்துதான். பின்னாளில் முழுப் பிரதி கிடைத்தது. உண்மையான தொடக்கம் எங்களுடையவற்றில் ஒன்றுக்கும் கிட்ட வரவில்லை.

அதே காலத்தில் என் பாடசாலையிலும் ஒரு அலுமாரி இருந்தது, பூட்டோடு. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே ஒரே இரவில் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அக்காவின் துணிப்பையில் வாசிகசாலைப் புத்தகம் ஒன்று இருந்தது. அது எங்களோடு நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரிக்கு வந்தது, இன்றும் அக்கா வீட்டில் இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோது பாடசாலை அலுமாரியும் இல்லை, அதற்குள் இருந்தவையும் இல்லை. பூட்டிக் காத்த ஒரு புத்தகம்கூட மிஞ்சவில்லை. இரவல் போனவைதான் ஊரில் அங்கங்கே மிஞ்சின.

ஆகவே தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பணம் தருகிற அந்த நண்பரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: "இந்தப் பணத்தில் வாங்கும் நூல்கள் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பதற்காகவே தரப்படுகின்றன; வாசிப்பில் கிழிந்தாலும் தொலைந்தாலும் ஒருவரும் பொறுப்பில்லை." அதிபரின் கையெழுத்தோடு அதைப் பதிவேட்டில் ஒட்டிவையுங்கள். மூன்று சைக்கிளின் காசில் ஒரு பங்கை அடுத்த வருடம் கிழிந்தவற்றுக்குப் பதில் வாங்க ஒதுக்குங்கள். புத்தகங்களை அலுமாரியிலிருந்து எடுத்து வகுப்பறைக்குள், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு வாங்கில் பரப்புங்கள். தைக்க ஊசியும் ஒட்டப் பசையும் பிள்ளைகளிடமே கொடுங்கள், தரம் 5 பிள்ளைகள் உங்களைவிட நன்றாக ஒட்டுவார்கள். புத்தகம் காணாது என்றால் "நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஈழத்துச் சிறுவர் நூல்கள் இலவசமாகவே கிடக்கின்றன, இறக்கிப் பார்க்கலாம். அப்புறம், வாசிப்புக் குறிப்பேடு என்று ஒன்றைத் தொடங்கிவிடாதீர்கள், அதைத் தாய்மார்தான் எழுதுவார்கள்.

இலக்கு எத்தனை என்று கேட்டீர்கள் அல்லவா, 20 கூடவா என்று. பிள்ளைக்குப் பிள்ளை பார்த்து நீங்களே வையுங்கள், ஒரே புத்தகத்தை நாலு தரம் வாசிக்கிற பிள்ளைக்கு அதை நாலாகவே கணக்கு வையுங்கள்.

அலுமாரியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். எல்லாம் இந்தியப் பதிப்பாக இருந்தால், எங்கள் பிள்ளைகளின் பேச்சிலேயே எழுதப்பட்ட கதைகள் சிலவற்றை நான் சேர்த்து அனுப்புகிறேன். பெட்டிக்கு மேலே "வகுப்பறைக்கு" என்று பெரிதாக எழுதியிருப்பேன்.

அன்புடன்.