தூத்துக்குடியின் பழைய கிட்டங்கிகளை (சரக்குக் கிடங்குகளை) இடிக்காமல் அலுவலகமாகவோ கடையாகவோ மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் அவை ஏன் அப்படிக் கட்டப்பட்டன என்று புரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளைந்த பருத்தி மாட்டுவண்டியிலும், 1876-க்குப் பிறகு ரயிலிலும் இங்கே வந்து கப்பலேறியது. கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் பல மைல் தள்ளி நங்கூரமிடும். தோணியில்தான் சரக்கு போகும். கடல் கொந்தளித்தால் தோணி இறங்காது. அதுவரை பருத்தி ஈரம் படாமல் கிடக்க வேண்டுமே! அதற்குத்தான் கனத்த சுவர், உயரமான கூரை, அதை ஒட்டிச் சின்னச் சன்னல்கள். வெக்கை மேலேறி வெளியே போய்விடும். கிரேட் காட்டன் ரோடு என்ற பெயரும் அந்த வியாபாரம் விட்டுச்சென்றதே. 1974-ல் புதிய துறைமுகம் திறந்தபின் பெரிய சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது.

மராமத்தில் நடக்கும் பெரிய கொடுமை, சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு சிமெண்ட் பூசுவது. தயவுசெய்து வேண்டாம். கடலோரச் சுவருக்குள் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். பிறகு வெள்ளையாக உப்பு பூத்து, பூச்சு தகடு தகடாகப் பெயரும்; உள்ளே செங்கல்லும் பொடியாகும்.

உள்தடுப்புகளைப் பலகையில் போடுங்கள், மேல் சன்னல்களை ஏசிக்காக அடைக்காதீர்கள். மர உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனையைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். கறையானும் உளுப்பும் அங்கேதான் தொடங்கும்.