அப்பாவின் ஷேவிங் செட்டால் எனக்கும் ஹெபடைட்டிஸ் பி வந்துவிடுமா?

முதலில் மகளைத் தூக்கி முத்தம் கொடுங்கள். மூன்று வாரமாக அவளைப் பக்கத்தில் படுக்க விடுவதில்லை, தட்டு டம்ளரெல்லாம் தனி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவுக்கு இருந்த ஹெபடைட்டிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று, கட்டிப்பிடித்தால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, இருமினாலும் தும்மினாலும் வராது. ரத்தத்தால், உடலுறவால், பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்றுதான் அது பரவும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அப்பா ஏன் திடீரென்று விலகுகிறார் என்று புரியாது. இதற்கு மட்டும் எந்தப் பரிசோதனை முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

நான்கு பக்கக் கடிதத்தில் துரு, டெட்டனஸ், நிக்கல், பழைய பிரஷ், கழுத்துக் கொப்புளம் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: “அப்பா 2010இல் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார், டாக்டர் ‘பி பாசிட்டிவ்’ என்றார், ரத்த குரூப்பைச் சொல்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.” போன மாதம் பழைய ஃபைலைப் புரட்டியபோது ‘ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்’ (ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்கிறது என்று பொருள்) என்று இருப்பதைப் பார்த்து, அது என்னவென்று நெட்டில் தேடியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில்.

ட்ரங்குப் பெட்டியில் 15 வருடம் கிடந்த ஷேவிங் செட்டை எடுத்துக் கழுவி, புது பிளேடு போட்டு, மூன்று மாதமாக ஷேவ் செய்கிறீர்கள். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்துபோன ரத்தத்தில்கூட, குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். நீங்கள் படித்து மிரண்டது இதைத்தான். 7 நாள் எங்கே, 15 வருடம் எங்கே? அந்த செட்டிலிருந்து உங்களுக்கு எதுவும் வந்திருக்காது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை வாங்கிய இந்த வகை ரேசரில் ரத்தம் படுகிற கூர்மையான பாகம் பிளேடு மட்டும்தான், அதை நாம் தூக்கிப் போட்டுவிடுகிறோம். மிச்சம் இருப்பது வெறும் பிடி. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்துவிட்டால் போதும். அதைக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். அப்பாவின் கை பட்ட பொருள், வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் எடுக்க வேண்டிய சவரம் வேறு. பிளஸ் டூ படிக்கும்போது, அப்பா ஷேவ் செய்து முடித்து வைத்த அதே பிளேடால் முதல்முறை மீசையை எடுத்தீர்கள், மேலுதட்டில் வெட்டு விழுந்தது, அப்பா சிரித்துக்கொண்டே படிகாரக் கல்லை வைத்துத் தேய்த்துவிட்டார் என்று ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் ரத்தம் பட்டிருக்கக்கூடிய பிளேடு, உங்கள் முகத்தில் புது வெட்டு, அதன்மேல் அவர் தினமும் ஈரத்தோடு தேய்த்துக்கொள்கிற அதே கல். இது ரத்தத்தோடு ரத்தம் சேர்கிற இடம். அப்படியே தொற்றியிருந்தாலும் 17 வயதில் வந்த தொற்றை உடம்பு பெரும்பாலும் தானே விரட்டிவிடும். வளர்ந்தவர்களில் 100 பேருக்கு வந்தால் 5 பேருக்கும் குறைவாகத்தான் அது நிரந்தரமாகத் தங்குகிறது.

பிறந்த குழந்தைக்கு வந்தால் கணக்கு தலைகீழ். 100க்கு 90 பேருக்குத் தங்கிவிடும். அதனால் நான் அப்பாவை மட்டும் நினைக்கவில்லை, உங்கள் அம்மாவையும் நினைக்கிறேன். அப்பாவுக்கு இருந்தது என்றால் அம்மாவுக்கும் இருந்திருக்கலாம், அம்மாவிடமிருந்து உங்களுக்கும் தம்பிக்கும் பிரசவத்தின்போதே வந்திருக்கலாம். நீங்கள் பிறந்த 1984இல் நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் இதற்கு ஊசியே கிடையாது. வந்திருக்கிறது என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது என்கிறேன்.

“உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பசிக்கிறது, கண் மஞ்சளாக இல்லை” என்று உங்களை நீங்களே சமாதானம் செய்திருக்கிறீர்கள். இந்த நோயில் அந்தச் சமாதானத்தை நம்பாதீர்கள். 20, 30 வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் கல்லீரலில் இருக்கும். கல்லீரல் சுருங்கிப் போகாமலே நேராகப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. வயிறு வீங்கிய பிறகு வந்தவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் எச்சரிக்கை மணி அப்பாவின் ஃபைலில் 15 வருடம் முன்பே அடித்துவிட்டது. அன்றைக்கே யாராவது உங்களை உட்கார வைத்து, ‘வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்’ என்று தமிழில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தொழிலின் தவறு.

மூன்று பரிசோதனை கேளுங்கள்: ஹெச்பிஎஸ்ஏஜி (வைரஸ் இப்போது இருக்கிறதா), ஆன்டி-ஹெச்பிசி டோட்டல் (எப்போதாவது தொற்றியிருக்கிறதா), ஆன்டி-ஹெச்பிஎஸ் (எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா). வெறும் வயிறு தேவையில்லை, ஒரே ஊசியில் ரத்தம் எடுத்துவிடலாம். மூன்றுமே நெகட்டிவ் என்றால் தொற்று உங்களைத் தொடவே இல்லை. இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முதலாவது நெகட்டிவ், மற்ற இரண்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போய்விட்டது. முதலாவதே பாசிட்டிவ் என்றால் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் எவ்வளவு வைரஸ், கல்லீரலில் எவ்வளவு பாதிப்பு என்று பார்த்து, தேவைப்பட்டால் தினம் ஒரு மாத்திரை தருவார். 40 தாண்டிய ஆண், அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் கட்டாயம். மாத்திரை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

அம்மாவும் தம்பியும் உங்களோடு சேர்ந்தே ரத்தம் கொடுக்கட்டும். உங்களுக்கு பாசிட்டிவ் என்றால் அடுத்த நாளே மனைவிக்கும் மகளுக்கும். மகளுக்காக அதிகம் பயப்பட வேண்டாம். அவள் பிறந்தபோது ஊசி அட்டவணைக்குள் வந்துவிட்டது. பிறந்தவுடன் ஒன்று, பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் (இதையும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) என்று போட்டிருப்பார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேளுங்கள்.

தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறீர்கள், கூடவே ஏதோ லிவர் டானிக். நோய் இருக்கிறதா என்றே தெரியாமல் எதற்கு மருந்து? கீழாநெல்லிக்கு ஒரு கதை உண்டு. 1988இல் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி இனத்துப் பொடியைச் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சாதாரண மஞ்சள் காமாலை எது குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சில வாரங்களில் இறங்கிவிடும், பெயரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்ளும். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். டானிக் பாட்டிலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்ற கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிடும். அனுப்பிய போட்டோவில் தலைப்பாகத்துக்கு அடியில் பச்சையாகத் தெரிவது துரு இல்லை. செட் பித்தளை, மேலே நிக்கல் பூச்சு. பூச்சு போன இடத்தில் பித்தளை பச்சை பிடித்திருக்கிறது. துருப்பிடிப்பது பிளேடுதான், அதை நாலைந்து ஷேவுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டெட்டனஸ் துருவிலிருந்து வருவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருவது. 10 வருடத்துக்குள் ஊசி போடவில்லையென்றால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ஷேவ் செய்யும்போது விழுகிற வெட்டுக்காக ஓட வேண்டாம். நிக்கலால் சிலருக்குத் தோல் அரிக்கும், புற்றுநோய் வராது. பிரஷ்ஷால் ஆந்த்ராக்ஸ் என்ற கிருமி நோய் வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை முடிப் பிரஷ்களால். உங்களுடையது நைலான்.

கழுத்துக் கொப்புளம், இத்தனை நாள் பழகிய கார்ட்ரிட்ஜ் ரேசர் மாதிரியே இதையும் அழுத்துவதால் வருகிறது. இந்த செட்டுக்கு அதன் எடையே போதும். முடி வளர்கிற போக்கிலேயே இழுங்கள், எதிர்த்து இழுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அந்த ஸ்டீராய்டு க்ரீமை முகத்தில் தடவாதீர்கள், தோல் மெலிந்து இன்னும் மோசமாகும்.

தம்பி ஊருக்கு வரும்போது அவரும் அந்த செட்டில் ஷேவ் செய்வார் என்றிருக்கிறீர்கள். அவருக்கு வேறு செட் வாங்கிக் கொடுங்கள், பிளேடை மாற்றிப் போட்டாலும்கூட ஒரே செட் வேண்டாம். படிகாரக் கல்லும் ஆளுக்கு ஒன்று.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ‘அப்பாவுக்கு இருந்தது, நமக்கும் பார்த்துவிடலாம்மா’ என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வந்ததும் மூன்று பேருடையதையும் எனக்கு எழுதுங்கள்.