‘ஹூ டூ யூ லவ்’ கிட்டார் வாசித்தது யார்?

அமெரிக்கப் பாடகர், கிட்டார் கலைஞர் போ டிட்லியின் பெயரில் 1956-இல் வந்த ‘ஹூ டூ யூ லவ்’ பாட்டில், கிட்டார் பழகும் நீங்கள் வாசித்துப் பிடிக்க முடியாமல் திணறும் லீட் கிட்டார் (தனித்துக் கேட்கும் முதன்மைக் கிட்டார்) டிட்லி வாசித்ததல்ல, ஜோடி வில்லியம்ஸ் என்ற கிட்டார் கலைஞர் வாசித்தது. டிட்லியின் மற்றப் பல பாட்டுகளில் அந்தக் கைவாகு கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கால இசைத்தட்டில் பாடகர் பெயர்தான் பெரிதாக அச்சாகும். கூலிக்கு வந்து வாசித்தவர் பெயர் பெரும்பாலும் வராது. சிகாகோவில் ப்ளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃபுக்கும் வாசித்த வில்லியம்ஸுக்கு அப்போது வயது 21. எவ்வளவு பெரிய கை அது!

சோதித்துப் பார்க்க ஒரு வழி. வில்லியம்ஸ் தன் பெயரில் வெளியிட்ட 1957 ‘லக்கி லூ’வை முதலில் கேளுங்கள். நரம்பை வளைத்து ஏற்றும் விதத்தில் அதே விரல்கள் தெரியும். அப்புறம் இன்னொரு சிகாகோ ப்ளூஸ் கலைஞர் ஓட்டிஸ் ரஷ்ஷின் 1958 ‘ஆல் யுவர் லவ்’ கேளுங்கள், யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பது புரியும்.

ஒன்று மட்டும் கவனம்: ‘லிட்டில் பாப்பா ஜோ’ போன்ற பெயர்களிலும் அவர் பதிவு செய்திருக்கிறார், அதனால் ஒரே பெயரில் தேடினால் பாதிதான் சிக்கும். பல வருடம் இசையை விட்டுவிட்டு நகல் இயந்திரம் பழுதுபார்த்தவர் அவர். திரும்பி வந்து வெளியிட்ட 2002 ஆல்பம் அருமைதான், ஆனால் 1956 தொனியைப் பழக அது உதவாது.