ஆக்சிலேட்டர் பிடிக்கும் கை ஏன் மரத்துப்போகிறது?

கேள்வி: எனக்கு வயது 36. செங்கல்பட்டில் இருந்து ஒரகடத்தில் உள்ள தொழிற்சாலைக்கு ஐந்து வருடமாக பைக்கில் போய் வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பாகங்களைப் பொருத்தும் பிரிவில் வேலை. நான்கு மாதமாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. நடுராத்திரியில் விழித்துக் கையை உதறினால்தான் சரியாகிறது. மெடிக்கலில் கேட்டு நரம்பு மாத்திரை இரண்டு மாதம் சாப்பிட்டேன், பலன் இல்லை. கழுத்து எலும்பு தேய்மானம் என்கிறார்கள். பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸில் போகட்டுமா?

பதில்: பைக்கை விற்க அவசரப்படாதீர்கள். எந்தெந்த விரல் என்று எண்ணிச் சொன்னீர்களே, ராத்திரி கையை உதறுகிறேன் என்றீர்களே, அந்த இரண்டும் போதும், கழுத்தைவிட மணிக்கட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் காலை எட்டு மணி டவுன் பஸ் போல அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது, நீங்கள் சொன்ன மூன்று விரல்களுக்கும் உணர்ச்சி தரும் அந்த நரம்புதான். இதைக் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்போம். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிப் படுப்பதால் ராத்திரியில் தொல்லை கூடும்.

உங்கள் சுண்டுவிரல் நன்றாக இருக்கிறதா? அந்த விரலுக்குப் போவது வேறு நரம்பு. அதுவும் மரத்தால் முழங்கையையும் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது தோளில் இருந்து கைக்கு மின்சாரம் பாய்வது போல வலித்தால் கழுத்தைச் சந்தேகிக்கலாம். எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரிவது தொந்தரவே இல்லாத பலருக்கும் சகஜம். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்: இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வையுங்கள். அதே மூன்று விரல் மரத்தால் சந்தேகம் வலுக்கிறது.

பைக்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வேலையில் நாள் முழுக்க நட்டு முடுக்கும் ஏர் கன் பிடிக்கிறீர்களா? அந்த அதிர்வுக்கும் இந்த நோய்க்கும் நெருங்கிய உறவு. சர்க்கரை, தைராய்டு சுரப்புக் குறைவு, உடல் பருமன் இருந்தாலும் வரும். அதனால் சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் வலிக்கிற கைக்கு இரண்டு மணி நேரப் பயணம் நல்லதல்ல. ஆக்சிலேட்டரை முறுக்கியபடி மணிக்கட்டைப் பின்னால் வளைத்தே வைத்திருக்கிறோம். கூடவே இன்ஜின் அதிர்வு. போதாததற்கு, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டினால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பயத்தில் பிடி தானாக இறுகும். மெக்கானிக்கிடம் பிரேக் லீவரின் கோணத்தை மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து விரலை லீவர் மேல் வைத்தால் முழங்கை முதல் விரல் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். அதிர்வு குறைய, காய்ந்த செயின், கட்டையாகிப்போன கைப்பிடி ரப்பர், ஹேண்டில்பார் முனையில் கழன்று விழுந்த எடைக்குண்டு இவற்றையும் சரிசெய்யுங்கள். பாதி வழியில் இறங்கி ஒரு டீ குடியுங்கள், டீயைவிட அந்த ஐந்து நிமிட ஓய்வு முக்கியம். தடித்த கையுறை வேண்டாம், இன்னும் இறுக்கிப் பிடிக்கத்தான் வைக்கும்.

ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட் ஆறு வாரம் போடுங்கள். வண்டி ஓட்டும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

அந்த நரம்பு மாத்திரையை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் அதில் பி6 வைட்டமின் இருக்கும். அதிக அளவில் நெடுநாள் போனால் பி6 தானே நரம்பைக் கெடுத்து மரமரப்பைக் கொண்டுவரும். மரமரப்புக்கு மாத்திரை, மாத்திரையால் மரமரப்பு என்று வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். நரம்பில் மின்னோட்ட வேகத்தை அளக்கும் பரிசோதனை செய்வார்கள். மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி, அதிலும் தீராவிட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறிய ஆபரேஷன். இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கட்டைவிரல் அடியில் உள்ள சதை வற்றினாலோ, சட்டைப் பட்டன் போட முடியாவிட்டாலோ, ஸ்பேனர் கை நழுவி விழுந்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்று முதல், மருத்துவரைப் பார்க்கும் வரை, பஸ்ஸிலேயே போங்கள். முன் பிரேக்கைப் பிடிப்பதும் அதே வலது கைதான்.