நிலவறை ஈரம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

90 வருடப் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. நிலவறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம், வெள்ளைப் பொடி, எந்நேரமும் பூசண வாடை. சிமெண்ட் பூசி வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். வெயில் நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்தோம். வாடை கூடியதுதான் மிச்சம். பெயிண்ட் அடித்துவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் உள்பக்கம் பூசினால், ஈரம் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடவும் செய்யும். சிமெண்ட்டால் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அந்த வெள்ளைப் பொடி, மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பு. தண்ணீர் அதைக் கரைத்துக் கொண்டுவந்து, தான் மட்டும் ஆவியாகிப் போகிறது. வெளியே வர முடியாத உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே உதிர்க்கும். பெயிண்ட் கொப்பளித்து உரிவது அதற்கு முந்தைய கட்டம்தான்.

ஜன்னல் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வெளியே 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று ஏறத்தாழ 24 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீரை உதிர்க்கத் தொடங்கும். நிலவறைச் சுவர் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் நீங்களே ஈரத்தைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்த மாதிரி. வெளிக்காற்று வறண்டிருக்கும்போது மட்டும் திறங்கள்.

உங்கள் வீட்டில் சுவர் வழியாக வரும் ஈரம், காற்றிலிருந்து படியும் ஈரம் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். பார்த்துவிடலாம். சுவரில் ஓரிடத்தை நன்றாக உலர்த்தி, அலுமினியத் தாளை வைத்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்துத் தாளின் முன்பக்கம் நீர் கோத்திருந்தால் அது காற்றிலிருந்து வந்தது. பின்பக்கம் என்றால் சுவர் வழியாக வருவது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் என் சந்தேகம் சரி.

சுவர் வழியாக வருகிறது என்றால், வேலை வீட்டுக்கு வெளியே. மழை பெய்யும்போது குடையோடு ஒரு சுற்று வாருங்கள் (காய்ந்த நாளில் போனால் ஒன்றும் தெரியாது). கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? இரண்டு மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். தரை வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தால் மண் போட்டு மாற்றுங்கள். 3 மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம் போதும். சுவரை ஒட்டிய செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். பல வீடுகளில் இதிலேயே பாதி ஈரம் அடங்கிவிடும். மழைக்குப் பின் நிலவறைத் தரை வழியாகத் தண்ணீர் ஊறி நின்றால் மட்டும் கதை வேறு. வடிகாலும் பம்ப்பும் தேவைப்படலாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைக்கலாம். அட்டைப் பெட்டிகளைத் தரையிலும் சுவரோரத்திலும் வைக்காதீர்கள். பழைய சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். அது முடிந்த பிறகும் பூச்சு வேண்டுமென்றால், சுண்ணாம்புப் பூச்சே போடச் சொல்லுங்கள். கொத்தனார் முகம் சுளிப்பார், பரவாயில்லை.