ஸ்பானிஷில் சில உயிரெழுத்துகளின் மேல் மட்டும் ஏன் சாய்கோடு?

கேள்வி: ஸ்பானிஷ் கற்கிறேன். மேலே உள்ள சாய்கோட்டை எங்கே போடுவது என்று மனப்பாடம்தான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். உயிரெழுத்து, 'என்', 'எஸ்' இவற்றில் ஒன்றில் முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையில் விழும். இதை மீறும் சொற்களுக்குத்தான் கோடு, அழுத்திச் சொல்ல வேண்டிய உயிரெழுத்தின் மேல்.

பனாமாவை எடுத்துக்கொள்வோம். 'ஏ' (a) எழுத்தில் முடிகிறது, விதிப்படி நடு அசையில் அழுத்தம் வர வேண்டும். நாமும் 'பனாமா' என்று நடுவையும் நீட்டித்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் 'பனமா' என்று கடைசியை அழுத்துவார்கள். அதனால் கடைசி 'ஏ'யின் மேல் கோடு. பெரு, பொகோட்டா இரண்டுக்கும் இதே கதைதான். மாட்ரிட் 'டி'யில் முடிவதால் கடைசி அசை தானாகவே அழுத்தம் பெறுகிறது, கோடு தேவையில்லை.

கோட்டை விட்டால் பொருளே மாறிவிடும். 'பாப்ப' என்று முதல் அசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு; 'பப்பா' என்று கடைசியை அழுத்தினால் அப்பா! தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, குறில் நெடில்தான் மாற்றும். அதனால் நமக்கு ஆரம்பத்தில் இது காதில் ஏறாது. அழுத்தும் அசையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லிப் பழகுங்கள், வழிக்கு வந்துவிடும்.

அப்புறம், 'ஸி' போன்ற குட்டிச் சொற்கள் தனி ரகம். கோடு இருந்தால் 'ஆம்', இல்லாவிட்டால் 'என்றால்'. ஒலி கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுத்தில் பிரித்துக்காட்டவே அந்தக் கோடு. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.